செம்பியன் மாதேவியாரின் பிறந்த வீட்டை எங்கே தேடுவது?

கண்டராதித்த சோழரின் தேவியான செம்பியன் மாதேவியார் எக்குடியில் பிறந்தவர், அதை எவ்வாறு உறுதிசெய்வது என்று கேட்டிருந்தீர்கள். அரச பரம்பரைப் பட்டியல்களை விட்டுவிட்டு, அவர் கொடுத்த கொடைகளில் தேடுங்கள்.

இதை நான் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு றங்குப்பெட்டியிலிருந்தே கற்றுக்கொண்டேன். அம்மம்மாவின் தாயாரைப் பற்றி வீட்டில் எஞ்சியிருந்தது ஒரு செல்லப்பெயர் மட்டுமே. 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, ஆதனத்தை முதிசம் (முன்னோர் வழிச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று பிரிப்பதால், ஒரு காணி யார் வழியாக வந்தது என்பது இங்கே எப்போதும் முக்கியமான கேள்வி. செல்லரித்த ஒரு சீதன உறுதியில் (சொத்துப் பத்திரத்தில்), நாலு எல்லைகளுக்கும் மேலே, அந்த மூதாட்டி தம் தகப்பனாரின் பெயரோடும் ஊரோடும் இருந்தார்.

சோழர் காலக் கொடைக் கல்வெட்டும் அத்தகைய உறுதிதான். நிலமோ பொன்னோ கோயிலுக்கு விடுபவர் இன்னார் என்பதில் ஐயம் இருக்கக்கூடாது. அதனால்தான் அம்மையார் கண்டராதித்தரின் தேவியார் என்றும், ‘உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடையபிராட்டியார்’ என்றும் சொல்லப்படுவதோடு, ‘மழவரையர் மகளார்’ என்றும் குறிக்கப்படுகிறார். நீங்கள் தேடும் விடை அந்த இரண்டு சொற்களில் இருக்கிறது: காவிரிக்கு வடக்கே மழநாட்டை ஆண்ட மழவர் குடி. ஆயினும் மழவரையர் என்பது குடிப்பட்டமே அன்றித் தந்தையின் இயற்பெயர் அன்று. அதைக்கொண்டு மேலும் மூன்று தலைமுறைக்குக் கிளைமரம் வரைவதை நான் ஏற்கமாட்டேன்.

செம்பியன் மாதேவி என்பதும் புகுந்த வீடு தந்த பட்டம்; வேறு சோழ தேவியரும் அதைத் தாங்கினர். ஆகவே கல்வெட்டில் அப்பெயரைக் கண்டவுடன் மன்னரின் பெயரையும் ஆட்சியாண்டையும் பாருங்கள். கணவர் 957 அளவில் மறைந்த பின்னும் நெடுங்காலம் வாழ்ந்த இவருடைய கொடைகள், 985 இல் தொடங்கிய முதலாம் இராசராசன் ஆட்சியிலும் தொடர்கின்றன.

முதலில் கோனேரிராசபுரக் கல்வெட்டைப் படியுங்கள். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தின் கீழே, கணவரின் பெயரால் அம்மையார் அக்கோயிலைக் கற்றளியாக (கற்கோயிலாக) எடுப்பித்த செய்தி வெட்டப்பட்டுள்ளது. எங்கள் கோயில்களில் பஞ்சபுராணம் ஓதும்போது திருவிசைப்பாவும் இடம்பெறும். அதில் தில்லைப் பதிகம் பாடியவர் அதே கண்டராதித்தர்தான். அடுத்து, நாகப்பட்டினத்துக்கு அருகே அம்மையாரின் பெயரையே தாங்கிய ஊரின் கயிலாசநாதர் கோயிலுக்குச் செல்லுங்கள். அவர் பிறந்தது கேட்டை நட்சத்திரம் என்பதை, அந்நாளுக்காக அவருடைய மருமகள்மார் செய்த கொடையிலிருந்தே அறிகிறோம்.