வெள்ளைக்காரன் காலத்து இன்ஜின்

கேள்வி: வெள்ளைக்காரன் காலத்து நீராவி இன்ஜின்களில் ஒரு குறை சொல்ல முடியுமா? சுதந்திரத்துக்கு அப்புறம்தானே ரயில்வேயில் தரம் கெட்டது?
– வாசகர் ஒருவர், காட்பாடி

பதில்: முடியும். எக்ஸ்பி என்ற பயணி ரயில் இன்ஜின் ஒன்றே போதும்.

முதல் உலகப் போருக்குப் பிறகு நல்ல நிலக்கரி விலை ஏறிவிட்டது. மெயில் வண்டிகளையும் மட்டமான கரியில்தான் ஓட்ட வேண்டும் என்ற நிலை. மட்டமான கரிக்கு அகலமான அடுப்பு தேவை. பழைய மெயில் இன்ஜின்களில் கரி எரியும் தட்டு 32 சதுர அடி. லண்டனில் இருந்த ஆலோசனைப் பொறியாளர்கள் வரைந்த எக்ஸ்பியில் அது 45 சதுர அடி. அவ்வளவு பெரிய அடுப்பைத் தாங்க ஆறு பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் இரண்டு சிறிய சக்கரங்கள், முன்னால் நான்கு. யோசனையில் தப்பே இல்லை.

வாங்கிய விதத்தில்தான் தப்பு. 1920களின் நடுவிலிருந்து எக்ஸ்ஏ, எக்ஸ்பி, எக்ஸ்சி என்று இதே சக்கர அமைப்பு கொண்ட மூன்று ரகத்திலும் சேர்த்து 284 இன்ஜின்கள் வந்து இறங்கின. நாலைந்தை ஓட்டிப் பார்த்து, குறையைச் சரிசெய்துவிட்டு மிச்சத்தை வாங்கியிருக்கலாம். செய்யவில்லை.

குறை முன்சக்கரங்களில் இருந்தது. இன்ஜினின் மூக்கு இடமும் வலமும் அசையும்போது அதைப் பிடித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டிய பக்கவாட்டு ஸ்பிரிங்குகளுக்குப் போதிய வலு இல்லை. வேகம் ஏற ஏற ஆட்டமும் கூடும். ஒவ்வொரு ஆட்டத்திலும் தண்டவாளத்துக்குப் பக்கவாட்டில் ஒரு இடி. பாதை உறுதியாக இருந்தால் தாங்கும். மழையில் ஊறி ஜல்லி தளர்ந்திருந்தால், அடியில் தாங்கும் ஸ்லீப்பரோடு சேர்ந்து தண்டவாளமே பாம்பு மாதிரி நெளிந்துவிடும். இப்படிப் பாதை வளைவது பல வருஷமாகத் தெரிந்த சங்கதி. வேகத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். இன்ஜின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

1937 ஜூலை 17. மழைக்காலம். ஹவுராவை நோக்கி வந்த பஞ்சாப் எக்ஸ்பிரஸ் பாட்னாவுக்கு மேற்கே பிஹ்டா அருகே தடம் புரண்டது. இழுத்து வந்தது எக்ஸ்பி. நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அத்தனை உயிர் போன பிறகுதான் இங்கிலாந்திலிருந்து கர்னல் மவுண்ட் தலைமையில் ஒரு நிபுணர் குழு வந்தது. அங்கே புகழ்பெற்ற இன்ஜின் வடிவமைப்பாளரான ஸ்டேனியரும் அதில் இருந்தார். முன்சக்கரங்களின் கட்டுப்பாடு போதாது, பாதையிலும் பலவீனம் உண்டு, சரியாகச் சோதிக்காமல் மொத்தமாக வாங்கியது பிழை என்று குழு சொன்னது. எல்லாமே முதல் வருஷமே கண்டுபிடித்திருக்கக் கூடியவை.

அப்புறம் ஸ்பிரிங்குகளை மாற்றினார்கள், ஆட்டம் அடங்கியது. எக்ஸ்சி இன்ஜின்கள் 1970களின் கடைசியிலும் வங்காளத்தின் பர்த்வான் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. குறையைத் திருத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் பிஹ்டாவில் செத்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அடுத்த பெரிய பயணி இன்ஜினான டபிள்யூபி ரகத்தில் 1947இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனியிடமிருந்து முதலில் வந்தவை 16 மட்டுமே. அவற்றை நம் பாதைகளில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நூற்றுக்கணக்கில் ஆர்டர் போனது. சுதந்திர இந்தியாவின் எக்ஸ்பிரஸ் வண்டிகளைப் பல வருஷம் இழுத்தவை அந்த இன்ஜின்கள்தான். அவற்றில் பல, வங்காளத்தின் சித்தரஞ்சன் இன்ஜின் ஆலையில் நம்மவர்களே கட்டியவை.