வக்கீல் அம்மா பதில்கள்: சட்டத்தை மீறும் மனசாட்சி

சட்டம் அநியாயமாக இருந்தால் மீறலாமா என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "மீறலாம், விலை கொடுக்கத் தயார் என்றால்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த திட்டும் பாராட்டும் கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே இந்த இதழ் முழுக்க அதே பேச்சு. சொத்துத் தகராறுக் கேள்விகளெல்லாம் அடுத்த முறை.

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ ஒரே ஒரு ராத்திரிதான் ஜெயிலில் இருந்தாராம். அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?
– கல்லூரி மாணவர்

ஒரே ராத்திரிதான் தம்பி. 1846 ஜூலை மாதம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊரில். பல வருஷமாகத் தலைவரி கட்டவில்லை. ஊர்க் காவலர் சாம் ஸ்டேப்பிள்ஸ் நல்ல மனிதர். பணமுடை என்றால் தானே கட்டிவிடுவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தார். தோரோவுக்குப் பணம் பிரச்சினை இல்லை. அடிமை முறையைக் காப்பாற்றிக்கொண்டு, மெக்சிகோ மீது படையும் எடுத்திருக்கும் ஆட்சிக்குத் தன் காசு போகக் கூடாது என்பதுதான் அவர் கட்சி. அன்றிரவே யாரோ வந்து வரியைக் கட்டிவிட்டுப் போனார்கள். அத்தையாக இருக்கலாம் என்பார்கள். மறுநாள் காலை வெளியே விட்டபோது மனிதருக்கு வந்த கோபத்தை ஸ்டேப்பிள்ஸ் கடைசிவரை மறக்கவில்லை.

என்னைக் கவர்ந்தது சிறை அல்ல. அதே தோரோ சாலை வரியை ஒழுங்காகக் கட்டியவர். அரசே வேண்டாம் என்று கிளம்பியவரில்லை. எந்த இடத்தில் தன் கை பாவத்தில் படுகிறது என்று தேடிப் பார்த்து, அந்த ஒரு இடத்தில் கையை எடுத்துக்கொண்டார். அந்தத் தலைவரி மாநிலத்துக்குப் போனதே தவிர நேராகப் போருக்குப் போகவில்லையே என்று எந்த எதிர்த்தரப்பு வக்கீலும் மடக்கலாம். தன் ஒரு டாலர் எந்த வழியாக எங்கே போகிறது என்று துரத்திக்கொண்டு திரிவது தன் வேலையல்ல என்று அவரே எழுதிவிட்டார். வாதமாகப் பார்த்தால் இது பலவீனம்தான். நானாக இருந்தால் குறுக்கு விசாரணையில் அங்கேதான் குத்தியிருப்பேன். ஆனாலும், அநியாயத்தை உலகத்திலிருந்தே துடைத்தெறிவது ஒவ்வொருவர் கடமையும் ஆகாது, அதற்குத் துணை போகாமல் இருப்பது கடமை என்று அவர் பிரித்த பிரிப்பு இன்றுவரை உறுதியாக நிற்கிறது.

இன்னொன்று. அதே ஊரில் அதே வரியைக் கட்டாமல் 1843-லேயே பிடிபட்டவர் பிரான்சன் ஆல்காட். அவருக்கும் வேறொருவர் கட்டிவிட்டார். அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? தோரோ 1848-ல் அதைப் பற்றிப் பேசினார், 1849-ல் அச்சில் கொண்டுவந்தார். கட்டுரைக்கு இன்று நாம் சொல்லும் "சட்ட மறுப்பு" என்ற தலைப்பு வந்தது 1866-ல், அவர் இறந்து நாலு வருஷம் கழித்து. நீங்கள் கேட்ட ஆர்ப்பாட்டமெல்லாம் அந்தக் கட்டுரைக்குத்தான், ராத்திரிக்கு அல்ல.

ஆளாளுக்கு "என் மனசாட்சி" என்று சட்டத்தை மீறக் கிளம்பினால் நாடு என்ன ஆகும்? வரி ஏய்ப்பவனும் மனசாட்சி என்பானே?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

சொல்வான் ஐயா, சொல்லியும் இருக்கிறான். அப்படிச் சொல்லிக்கொண்டு என் அலுவலகப் படியேறியவர்களை உட்கார வைத்து நான் கேட்கும் முதல் கேள்வி: "செய்தது ஊருக்குத் தெரியுமா, ஒளித்து வைத்திருக்கிறீர்களா?" பெரும்பாலும் அத்தோடு மனசாட்சிப் பேச்சு நின்றுவிடும். வரி ஏய்ப்பவனுக்குத் தான் ஏய்ப்பது யாருக்கும் தெரியக் கூடாது. மனசாட்சிக்காக மீறுகிறவருக்கோ எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டும்.

காந்தி உப்பெடுக்கப் போனது 1930 ஏப்ரலில். என்ன செய்யப் போகிறேன், ஏன் செய்யப் போகிறேன் என்று வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதியது மார்ச் 2-ஆம் தேதி. திருடப் போகிறவன் வீட்டுக்காரனுக்கு முன்கூட்டியே கடிதம் போடுவானா? மார்ட்டின் லூதர் கிங் 1963-ல் பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதியதும் இதையேதான்: அநியாயச் சட்டத்தை மீறுகிறவர் வெளிப்படையாக, அன்போடு, தண்டனையை ஏற்கும் மனதோடு மீற வேண்டும். அப்படிச் செய்கிறவர் சட்டம் என்ற ஒன்றின் மேல் மற்றவர்களைவிட அதிக மரியாதை வைத்திருக்கிறார் என்பது அவர் வாதம்.

வக்கீல்களுக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. 1922 மார்ச் 18, அகமதாபாத். ராஜத்துரோக வழக்கு. காந்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதோடு விட்டாரா? இந்தச் சட்டம் தவறென்று நினைத்தால் பதவியை விடுங்கள், சரியென்று நினைத்தால் இருப்பதிலேயே கடுமையான தண்டனை கொடுங்கள் என்று நீதிபதி புரூம்ஃபீல்டிடமே கேட்டார். பதினான்கு வருஷத்துக்கு முன் திலகருக்குக் கொடுத்த அதே ஆறு வருஷத்தைக் கொடுத்த நீதிபதி, அரசு பின்னால் இதைக் குறைக்குமானால் தன்னைவிட மகிழ்கிறவர் இருக்க முடியாது என்றார். தண்டனை கொடுத்தவரின் மனசாட்சியையும் சேர்த்துக் கூண்டில் ஏற்றிய வழக்கு அது. தண்டனைக்குப் பயந்து ஓடுகிறவனால் இது நடக்காது.

இந்த வழக்குக்குக் கொஞ்ச நாள் முன்புதான் சௌரி சௌராவில் கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து 22 காவலர்கள் செத்தார்கள். காந்தி ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்தினார். கட்சிக்குள் பலருக்கு அதில் ஆத்திரம். உங்கள் பயம் அவருக்கும் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன். தன் மனசாட்சிக்குத் தான் விலை கொடுப்பது வேறு, அதற்கு இன்னொருவன் உயிரை விலையாகக் கொடுப்பது வேறு.

சுதந்திரத்துக்குப் பிறகு சத்தியாக்கிரகமே கூடாது என்று அம்பேத்கர் சொன்னாரே. அப்புறம் நீங்கள் எப்படி மீறலாம் என்கிறீர்கள்?
– சட்டக் கல்லூரி மாணவி

1949 நவம்பர் 25, அரசியல் நிர்ணய சபை உரை. ஆமாம், சொன்னார். ஒத்துழையாமை, சட்ட மறுப்பு, சத்தியாக்கிரகம் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டும், அவை அராஜகத்தின் இலக்கணம் என்றார். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: அரசியல் சட்ட வழி எதுவுமே திறந்திராத காலத்தில் அவற்றுக்கு நியாயம் இருந்தது. மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

மகாராஷ்டிரத்து மகாடு ஊரை எடுத்துக்கொள். 1927 மார்ச் 20-ல் அவர், தீண்டாமையால் விலக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோரோடு போய்ச் சவுதார் குளத்தில் தண்ணீர் குடித்தார். இதைச் சட்ட மறுப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எந்தச் சட்டத்தை மறுத்தார்? பொதுக் குளங்கள் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் சட்டசபை 1923-லேயே தீர்மானம் போட்டாயிற்று. மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. சட்டத்தை மீறிக்கொண்டிருந்தது ஊர்தான். இவர் போய் அதை அமல்படுத்தினார்! அதே ஆண்டு டிசம்பரில் மறுபடி போனபோது எதிர்த்தரப்பு நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கி வைத்திருந்தது. கூட்டம் கொதித்தது. அம்பேத்கர் தடையை மதித்துக் குளத்துக்குப் போகாமல் திரும்பினார். வழக்கு நடந்தது, நடந்தது, நடந்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது 1937-ல். ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம்.

கதவு திறந்திருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார் என்கிறார் அம்பேத்கர். அதில் எனக்குச் சண்டையில்லை. தட்டிவிட்டு எத்தனை வருஷம் நிற்பது என்பதில்தான் சண்டை. பத்து வருஷம் நிற்கச் சொல்லும் உரிமை, கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்குக் கிடையாது. நீ தேர்வுக்காக இதைக் கேட்டிருந்தால், அந்த உரையை முழுதாகப் படித்துவிட்டு எழுது.

அமெரிக்காவில் ரோசா பார்க்ஸ் களைத்துப் போய்த்தான் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்கவில்லை என்பது உண்மையா?
– பள்ளி மாணவி

இல்லை கண்ணு. உடம்பு களைப்பில்லை, விட்டுக்கொடுத்துக் கொடுத்து வந்த களைப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். கறுப்பின உரிமைக்கான சங்கத்தில் செயலாளராக வேலை பார்த்தவர், அந்தக் கோடையில் பயிற்சி முகாமுக்கும் போய் வந்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்பே அதே மாண்ட்கமரி நகரில் கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பெண் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். பார்க்ஸுக்கு 1955 டிசம்பரில் விதித்தது 10 டாலர் அபராதம், 4 டாலர் செலவுத் தொகை. ஊரின் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறவில்லை. தனி ஆளின் மறுப்புக்குப் பின்னால் ஒரு சங்கம் தயாராக இருந்தது. அதைக் கதையிலிருந்து வெட்டிவிட்டால் களைத்த அம்மா ஒருவர் மட்டும் மிஞ்சுகிறார்.

பெயர் வேண்டாம். அலுவலகத்தில் ஒரு பட்டியலில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். தகுதி உள்ளவர்கள் பலர் அதனால் உதவியை இழப்பார்கள் என்று எனக்குத் தெரியும். போடாவிட்டால் என் பிழைப்பு போகும். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருவன்தான்.
– ஓர் ஊழியர்

உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். கடைசியில்தான் எழுத முடிந்தது.

அரசு என்பது எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பூதம் அல்ல. உங்கள் கை எழுத, இன்னொருவர் கை முத்திரை குத்த, மூன்றாமவர் கை கதவைச் சாத்த, அப்படித்தான் அது அநியாயம் செய்கிறது. ஊர்வலம் போகிறவனைவிட உங்கள் மறுப்புக்கு எடை அதிகம். அதனால்தான் தண்டனையும் அதிகம்.

1930 ஏப்ரல் 23, பெஷாவர். ஆயுதமில்லாத பட்டாணியர் கூட்டத்தின் மேல் சுடச் சொன்னபோது ஆங்கிலேய அரசின் கட்வால் படையினர் சுட மறுத்தார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சந்திர சிங் கட்வாலிக்கு ஆயுள் தண்டனை, 1941-ல்தான் வெளியே வந்தார். இதில் உங்களுக்கு ஆச்சரியம் தரக்கூடியது, காந்தி அதை ஆதரிக்கவில்லை. உறுதிமொழி எடுத்த சிப்பாய் கட்டளையை மீறக் கூடாது, நாளைக்கு நம் ஆட்சி வந்து நான் கட்டளையிட்டாலும் இவர்கள் மீறுவார்களே என்று ஒரு பிரெஞ்சு பத்திரிகையாளரிடம் சொன்னார். காந்தி மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், இந்த இடத்தில் நான் கட்வாலி பக்கம். சுட்டுவிட்டு அடுத்த நாள் ராஜினாமா செய்தால் செத்தவன் எழுந்து வருவானா?

ஆனால் வீடு இருக்கிறதே என்கிறீர்கள். ஆஸ்திரியாவில் பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் என்று ஒரு விவசாயி. ஹிட்லரின் படையில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்றார். மூன்று பெண் குழந்தைகள். குடும்பத்தை நினைத்துப் பார், பொறுப்பு ஆட்சியாளர்களுடையது, உன்னுடையது அல்ல என்று மதகுருமார்களே சொல்லிப் பார்த்தார்கள். 1943 ஆகஸ்ட் 9-ல் தலையை வெட்டினார்கள். அவர் மனைவி பிரான்சிஸ்காவை ஊர் பல காலம் குற்றவாளி மாதிரி பார்த்தது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. விலையை மறைத்துவிட்டு "துணிந்து நில்லுங்கள்" என்று பத்திரிகையில் எழுதுவது எனக்குப் பிடிக்காத வேலை.

உங்கள் கழுத்துக்கு இன்னும் கத்தி வரவில்லை. நடுவில் பல படிகள் இருக்கின்றன. உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாக அதட்டுகிற மேலதிகாரிகளில் பலர் எழுதச் சொன்னால் பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். எழுதியே கொடுத்துவிட்டாரா? எந்தப் பெயர்கள், எந்த விதிப்படி தகுதி உள்ளவை என்று உங்கள் கருத்தைக் கோப்பில் தேதியோடு குறித்து, பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள். பொத்தாம்பொதுவாக "எனக்கு உடன்பாடில்லை" என்று எழுதினால் குப்பைக்குத்தான் போகும். பெயரும் விதியும் எழுதினால் நாளைக்கு நீதிமன்றத்தில் அது சாட்சி. அதே பிரிவில் உங்களைப் போல் தூக்கம் கெட்டவர் இன்னொருவர் கட்டாயம் இருப்பார், தேடுங்கள். தனி ஆள் மறுத்தால் ஒழுங்கு நடவடிக்கை, ஐந்து பேர் மறுத்தால் பேச்சுவார்த்தை.

இவ்வளவுக்குப் பிறகும் "போடு" என்றால்? மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது. செய்யாமலிருக்க நிஜமாகவே வாய்ப்பு இருந்ததா என்பதுதான் கேள்வி என்று நாஜித் தலைவர்கள் மீதான நூரம்பெர்க் விசாரணைக்குப் பின் 1950-ல் வகுத்த கோட்பாடுகள் சொல்கின்றன. உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது, கஷ்டமான வாய்ப்பு. போடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. ஆனால் அதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் சோற்றைப் பணயம் வைக்காதீர்கள். பிரான்சிஸ்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

நீங்கள் எப்போதாவது இப்படிச் சிறைக்குப் போனதுண்டா? துணிச்சல் இல்லாத எங்களைப் போன்றவர்கள் என்னதான் செய்வது?
– ஒரு வாசகி

சிறைக்குள் போயிருக்கிறேன், கறுப்பு அங்கியோடு, நான் வாதாடும் கட்சிக்காரர்களைப் பார்க்க. போராட்டத்தில் கைதாகி முதல்முறை உள்ளே வந்தவர்கள் என்னிடம் சட்டப் பிரிவு எதுவும் கேட்க மாட்டார்கள். "வீட்டுக்குச் சொல்லியாச்சா? பிள்ளைகளை யார் பார்த்துக்கிறாங்க?" இதுதான் கேள்வி.

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தபோது, நடப்பவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். வழியெல்லாம் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. கட்டியவர்களில் யாரும் உப்பெடுக்கவில்லை, அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அவர்களும் ஓர் உத்தரவை மீறியவர்கள்தான், துணிச்சல் இல்லை என்று நினைத்துக்கொண்டே.

ஆகவே வழக்கு நாளன்று வந்து நீதிமன்றத்தில் பின் பெஞ்சில் உட்காருங்கள். ஆள் நிறைந்திருந்தால் மாஜிஸ்திரேட் கவனிப்பார். உள்ளே இருப்பவரின் பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்கள் அநேகம். தகுதி இருந்தால் ஜாமீன் நில்லுங்கள், ஆனால் பத்திரத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.