சாவி கையில் வந்த பிறகு
வாசகர் கேள்வி – பதில்

மகன் அக்டோபரில் ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகிறான். இணையத்தில் ஒரு வீடு அமைந்திருக்கிறது. வீட்டுக்காரர் தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொல்கிறார். காரைக்குடியிலிருந்தே கட்டிவிடலாமா?
– ஒரு தந்தை, காரைக்குடி

கட்டாதீர்கள். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர், கூரியரில் சாவி, பார்க்கும் முன்பே பணம்: வாடகை மோசடிக்காரர்கள் சொல்லும் கதை எப்போதும் இதுதான். வீட்டைப் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே பணம் போகவேண்டும். மகன் போய்ப் பார்க்கும் வரை தங்க மாணவர் விடுதியிலோ தற்காலிக அறையிலோ இடம் பிடியுங்கள். பல்கலைக்கழக ஊர்களில் மாணவர் விடுதிகளை நடத்துவது ஷ்டூடியெரண்டன்வெர்க் என்ற அமைப்பு. அங்கே காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால், பல்கலைக்கழகத்தில் இடம் உறுதியானதும் விடுதிக்குப் பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

முன்பணம் எவ்வளவு என்பதற்கும் சட்டம் இருக்கிறது. 'கால்ட்மீட்டெ' என்பது வெறும் வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, சூடாக்கும் செலவு எல்லாம் சேர்ந்தது 'வார்ம்மீட்டெ'. கால்ட்மீட்டெயின் 3 மடங்குக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அதையும் 3 மாதத் தவணையில் கட்ட வாடகைதாரருக்கு உரிமை உண்டு. இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: வீட்டில் சமையலறை இருக்கிறதா? அங்கே பல வீடுகளில் அடுப்பும் அலமாரியும் இல்லாமல், தண்ணீர்க் குழாய் மட்டும் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும்.

வீடு கிடைத்துவிட்டது. போய் இறங்கியதும் எதை முதலில் செய்வது?
– மாணவி, தேவகோட்டை

சாவி வாங்கும்போதே வீட்டுக்காரரிடம் இரண்டு தாள் வாங்குங்கள். ஒன்று, ஒப்படைப்புப் பதிவு. சுவர்க் கீறல், கறை, ஜன்னல் பிடி, தண்ணீர் மற்றும் மின் மீட்டரின் எண், சாவிகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் ஏறவேண்டும். கூடவே போட்டோவும் எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது முன்பணத்தில் பிடித்தம் போகாமல் காப்பது இதுதான். இரண்டாவது, நீங்கள் அங்கே குடியேறியதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் சான்று. குடியேறிய 2 வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், 'அன்மெல்டுங்' என்பார்கள். இந்தச் சான்று இல்லாமல் பதிவு நடக்காது. பெரிய நகரங்களில் இதற்கு அலுவலகத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பது கஷ்டம், ஆகவே வீடு உறுதியானதுமே ஆன்லைனில் நேரம் பிடித்துவிடுங்கள்.

விசாவுக்காக முடக்குக் கணக்கில் போட்ட பணம் (2024 செப்டம்பரிலிருந்து ஆண்டுக்கு 11,904 யூரோ) மாதம் 992 யூரோவாகத்தான் வெளியே வரும். அதற்கு அங்கே ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். பல வங்கிகள் முகவரிப் பதிவுத் தாளைக் கேட்கும். ஆக வீட்டுக்காரரின் சான்று தாமதமானால் பதிவு நிற்கும், பதிவு நின்றால் கணக்கு நிற்கும், கணக்கு நின்றால் உங்கள் பணமே உங்கள் கைக்கு வராது. முதல் மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணம் ஏற்றிய அட்டை) தனியாகப் பணம் வைத்துக்கொண்டு போங்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது தபால் பெட்டியில். அங்கே அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார், பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிவிடும். வங்கி அட்டை, வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாமே தபாலில்தான் வரும். நம் பக்கம் மூன்று இனிஷியல் சாதாரணம். பாஸ்போர்ட்டில் அவை எப்படி விரிந்திருக்கின்றனவோ, அதே பெயர் ஒப்பந்தத்திலும் பதிவிலும் பெட்டியிலும் இருக்கட்டும்.

சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். வெளியே பிடி திரும்பாது. சாத்தினால் பூட்டியது போலத்தான். இரவில் பூட்டுத் திறப்பவரைக் கூப்பிட்டால் நூற்றுக்கணக்கான யூரோ பறந்துவிடும்.

பேத்திக்கு மசாலா, நெய், மிக்ஸி, குக்கர் எல்லாம் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். எது போகும், எது போகாது?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

நெய் வேண்டாம் ஆச்சி. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, உப்புக்கண்டத்துக்கும் அதே கதிதான். பச்சைக் கறிவேப்பிலையும் பயிர்நலச் சான்று இல்லாமல் போகாது. காயவைத்துப் பொடித்ததைக் கொடுங்கள். மிளகாய்த் தூள், கல்பாசி, மராட்டி மொக்கு, பால் பொருள் சேராமல் எண்ணெயில் சுட்ட தேன்குழல், சீடை எல்லாம் நன்றாகப் போகும். பொட்டலத்தின் மேல் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

மிக்ஸி ஓடும், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். நம் மூன்று பின் பிளக்தான் அங்குள்ள சாக்கெட்டில் ஏறாது. எர்த் இணைப்புள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். மலிவான பலநாட்டு அடாப்டர்கள் பலவற்றில் எர்த் கிடையாது. இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் மிக்ஸி ஓட்டினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

குக்கர் வாங்குமுன் அடியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகும். அலுமினியக் குக்கர், பித்தளை உருளி எதுவும் அதில் சூடேறாது. அடுப்பு எந்த வகை என்று தெரியும் வரை அடி தட்டையான, காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கரே பத்திரம். உதிரி கேஸ்கட் இரண்டு வையுங்கள்.

வரமிளகாய் தாளிக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், படிக்கட்டுப் பக்கக் கதவு மூடியிருக்க வேண்டும். புகை வெளியே போய் விடுதியின் பொது அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டியே வந்துவிடும். அலாரத்தின் மேல் துணி கட்டும் வேலை மட்டும் கூடவே கூடாது என்று பேத்தியிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

குளிர்காலம் தொடங்கியதும் ஜன்னலோரச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்கிறது. வீட்டுக்காரர் என்னைக் குறை சொல்கிறார். நாள் முழுக்க ஜன்னலை லேசாகச் சாய்த்துத் திறந்துதான் வைத்திருக்கிறேன்.
– கானாடுகாத்தானிலிருந்து போய்ப் படிக்கும் மாணவர்

மேல்பக்கம் மட்டும் உள்ளே சாய்ந்து திறந்திருக்கும் அந்தச் சாய்ப்புதான் சிக்கல். ஜன்னல் சாய்ந்தே இருந்தால் காற்று சரியாக மாறாது, அதைச் சுற்றியுள்ள சுவர் மட்டும் குளிர்ந்து போகும். சோறு வடித்த ஆவி, குளியல், உள்ளே காயப்போட்ட துணி ஆகியவற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த இடத்தில் நீராகப் படியும். ஊரில் உங்கள் வளவின் முற்றம் இந்த வேலையைக் கேட்காமலே செய்கிறது. அங்கே இறுக்கி அடைத்த வீடு, நீங்கள்தான் செய்ய வேண்டும்.

ஒரு நாளைக்கு மூன்று முறை, ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை முழுதாக விரியத் திறந்து 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். சமைத்ததும் குளித்ததும் உடனே திறப்பது இன்னும் நல்லது. ஹீட்டர் வால்வில் 3 என்ற எண் ஏறத்தாழ 20 டிகிரி. சிக்கனம் என்று முழுதாக அணைத்துப் போட்டால் சுவர் குளிர்ந்து பூஞ்சை கூடும். அலமாரியை வெளிச்சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். ஈரமானி ஒன்று வாங்கி, அளவு 60 சதவீதம் தாண்டாமல் பாருங்கள்.

உள்ளங்கை அளவு பூஞ்சையை 70 – 80 சதவீத ஆல்கஹாலால் துடைக்கலாம். துடைக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். வினிகரால் துடைக்காதீர்கள்: சுண்ணாம்புப் பூச்சு அதன் அமிலத்தை முறித்துவிடும், மிஞ்சுவது பூஞ்சைக்கு உணவு. குறை கண்டதும் வீட்டுக்காரருக்குத் தெரிவிப்பது வாடகைதாரரின் சட்டக் கடமை, ஆகவே தேதியோடு படம் எடுத்து இன்றே எழுத்தில் அனுப்புங்கள். நான் சொன்னபடி காற்று மாற்றியும் பூஞ்சை திரும்ப வந்தால், சுவரில் குளிர்க் கசிவோ தண்ணீர்க் கசிவோ இருக்கலாம். அது அவர் பொறுப்பு.

டி.வி.யே இல்லை. ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. கிழித்துப் போடலாமா?
– மாணவர், கோட்டையூர்

கூடாது. இருக்கிறதோ இல்லையோ, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டியே தீரவேண்டும். பல பேர் சேர்ந்து இருக்கும் வீடானால் ஒருவர் கட்டினால் போதும். ஏற்கெனவே யார் கட்டுகிறார் என்று கேட்டு, அவருடைய கட்டண எண்ணைப் பதிலில் எழுதி அனுப்புங்கள்.