வீட்டுச் செடிகளும் நாய்களும்: வாசகர் கேள்வி, கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: நாங்கள் அண்மையில் தோட்டம் உள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். எங்கள் ஐந்து மாத லாப்ரடார் குட்டி கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிறது. மதில் ஓரம் செவ்வரளி, வாசலில் சைகஸ், வரவேற்பறையில் மணி பிளான்ட், மாடியில் சோற்றுக் கற்றாழை இருக்கின்றன. "எதைத் தின்னக் கூடாது என்று நாய்க்கே தெரியும்" என்கிறார் என் மாமியார். அது சரியா? (வாசகி, காட்பாடி)

பதில்: உங்கள் மாமியார் சொல்வது ஆடு மாடுகளுக்கு ஓரளவு பொருந்தும், பல் முளைக்கும் பருவத்தில் இருக்கும் நாய்க்குட்டிக்குப் பொருந்தாது. ஆடு இலையின் கசப்பை உணர்ந்து ஒதுக்கிவிடும். ஈறு அரிப்பதால் கடிக்கும் குட்டியோ, ருசி தெரிவதற்குள் பாதியை விழுங்கிவிடும்.

நீங்கள் குறிப்பிட்ட நான்கில் உயிருக்கு ஆபத்தானவை இரண்டு. முதலாவது அரளி. வெயிலைத் தாங்குவதாலும் கால்நடைகள் கடிக்காததாலும் நம் பகுதியில் வேலியோரமெல்லாம் அதைத்தான் வைக்கிறோம். அதன் இலை, பூ, பட்டை, வேர் அனைத்திலும் இதயத்தின் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு உள்ளது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும், பிறகு நாடி தளர்ந்து தாறுமாறாவதும் ஏற்படும். இலை காய்ந்த பின்னும் நஞ்சு போகாது என்பதால், கிளைகளைக் கழித்துவிட்டு அந்தச் சருகைத் தோட்டத்து மூலையில் குவித்து வைப்பது நிற்கும் செடியைவிட மோசமானது. மஞ்சள் அரளியும் இப்படித்தான். அதன் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மிகக் கொடியது. வீட்டில் செடி இல்லையென்றாலும் பூசைப் பூவின் வழியாக அரளி உள்ளே வந்துவிடும். பிரதோஷத்தன்று ஜலகண்டேசுவரர் கோயிலில் கொடுத்த மாலையையோ, விநாயகர் சதுர்த்தி முடிந்த பின் எருக்க மாலையையோ நாய்க்கு எட்டும் இடத்தில் கழற்றிப் போடாதீர்கள். எருக்கிலும் அதே வகை இதய நஞ்சு உண்டு. அதன் பால் கண்ணில் பட்டாலும் கெடுதல்.

இரண்டாவது சைகஸ். நர்சரிகளில் இதையும் 'பாம்' என்றே விற்பதால் பலர் இதைப் பனை வகை என்று நினைத்து வாங்கி வாசலில் வைக்கிறார்கள். உண்மையில் இது பனை இனமே அன்று. செடி முழுவதுமே நஞ்சு என்றாலும் விதையில்தான் மிகுதி; ஒன்றிரண்டு விதைகளே ஒரு நாயைக் கொல்லப் போதும். முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டுத் தெளிந்ததுபோல் தோன்றும் நாய்க்கு, இரண்டு மூன்று நாள் கழித்துக் கல்லீரல் பழுதாகிக் கண்ணும் ஈறும் மஞ்சளாவதுண்டு. அந்தத் தெளிவை நம்பி வீட்டிலேயே வைத்திருந்துவிட்டு, காலம் கடந்தபின் கொண்டுவருகிறார்கள். குட்டி வளரும் வரையிலாவது சைகஸைப் பிள்ளைகளும் பிராணிகளும் இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

மணி பிளான்ட்டுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. வேகாத சேப்பங்கிழங்கு நாக்கை எப்படி அரிக்குமோ அப்படித்தான் இதுவும். இரண்டிலும் இருப்பது ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்களே. எச்சில் ஒழுகும், முகத்தைக் காலால் தேய்க்கும், வாந்தி வரலாம். வாயை நீரால் கழுவிவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். தொண்டை வீங்கி மூச்சு திணறினால் மட்டும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கற்றாழையின் தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பால் பேதியைக் கிளப்பும். தொட்டியை உயரத்தில் வைத்தால் போதும்.

கேள்வி: ரோஜாத் தொட்டிகளுக்கு ஆமணக்குப் புண்ணாக்கு போட்டேன். எங்கள் நாய் மண்ணைத் தோண்டி அதைத் தின்கிறது. எண்ணெய் எடுத்த சக்கையில் என்ன கெடுதல் இருக்கப் போகிறது? (வாசகர், குடியாத்தம்)

பதில்: கெடுதல் முழுவதும் சக்கையில்தான் இருக்கிறது. ஆமணக்கு விதையிலுள்ள ரைசின் என்னும் நஞ்சு எண்ணெயோடு போகாது, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். போதிய சூடு காட்டினால் அது அழியும். ஆனால் கடையில் வாங்கும் பிண்ணாக்கு எந்த அளவு சூடு கண்டது என்று நீங்கள் எப்படி அறிவீர்கள்? எலும்புத் தூளையும் சேர்த்துக் கலந்தீர்களானால் அது நாய்க்கு விருந்து வைத்ததற்குச் சமம். தின்ற அன்றே ஒன்றும் தெரியாமல், மறுநாள் வாந்தியும் இரத்தப் பேதியும் தொடங்கலாம். மேல் மண்ணை வாரி எடுத்துவிட்டு, நன்கு மக்கிய தொழு உரத்தையோ மண்புழு உரத்தையோ இடுங்கள். ஏற்கெனவே தின்றிருப்பதால், நாய் நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் இன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: நாய் விஷச் செடியைத் தின்றுவிட்டால் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாமா? (வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: கூடவே கூடாது. மிகுந்த உப்பு தன்னளவிலேயே நாயின் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கும். மோர், முட்டை வெள்ளைக்கரு, எண்ணெய் ஆகியவற்றையும் புகட்ட வேண்டாம். சோர்ந்து கிடக்கும் நாய்க்கு வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. வாயில் ஒட்டியிருக்கும் இலையை எடுத்துவிட்டு, செடியின் ஒரு கிளையையும், வாந்தி எடுத்திருந்தால் அதன் சிறு பகுதியையும் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். எப்போது, எவ்வளவு தின்றது என்று சொன்னால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும். வாந்தி எடுக்க வைப்பதா, நஞ்சை உறிஞ்சும் கரி மருந்து கொடுப்பதா என்பதை அங்கே முடிவு செய்வார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எளிதில் கிடைக்கும் முறிமருந்து இல்லையாதலால், முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வந்தால்தான் வயிற்றில் உள்ளதை வெளியேற்ற முடியும்.

கேள்வி: நித்தியகல்யாணி வைக்கலாமா? வேறு எவற்றை வைக்கலாம்? (வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: நித்தியகல்யாணியை நாய் தின்றால் கெடுதலே, ஆனால் அதிலிருந்து எடுக்கும் வின்கிறிஸ்டின் என்னும் மருந்தைத்தான் நாய்களின் பிறப்புறுப்பில் தொற்றி வரும் கட்டிக்கு நாங்கள் ஊசியாகப் போடுகிறோம். வேலிக்கு அப்பால் வையுங்கள். ஊமத்தை, குன்றிமணி, செங்காந்தள் மூன்றும் வேண்டவே வேண்டாம். ரோஜா, குண்டுமல்லி, அரிக்கா பாம், ஸ்பைடர் பிளான்ட் ஆகியவற்றைத் தயக்கமின்றி வளர்க்கலாம். ரோஜாவுக்குப் பூச்சி மருந்து தெளித்த நாளில் மட்டும் நாயைத் தோட்டத்துக்குள் விடாதீர்கள்.