களி கிண்டத் தெரிஞ்ச பொண்ணுதான், ஆனா...

கேள்வி:

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 49 வயசு, பாலக்கோடு பக்கம் கிராமம், தக்காளித் தோட்டமும் ரெண்டு மாடும் இருக்கு. ஒரே பையன், 27 வயசு, ஓசூர்ல ஒரு கம்பெனில இன்ஜினியர். போன ஆடி 18-க்கு ஒகேனக்கல் போலாம்னு பெங்களூர்ல இருந்து பிரண்ட்ஸ் நாலு பேரைக் கூட்டிட்டு வந்தான், அதுல ஒரு பொண்ணு கென்யா நாடு, எம்.எஸ்சி கடைசி வருஷம் படிக்குது. நான் ராகி களி கிண்டிட்டு இருந்தேன், பக்கத்துல வந்து உக்காந்து துடுப்பைக் குடுங்க ஆன்ட்டின்னு கையை நீட்டுச்சு, விளையாட்டுக்குக் கேக்குதுன்னு குடுத்தா சட்டியைத் துணியால அமுக்கிப் புடிச்சுகிட்டு ஒரு கட்டி விழாம கிண்டி எறக்கிடுச்சு. அவங்க ஊர்ல மக்காச்சோள மாவுல இதே மாதிரி செய்வாங்களாம், உகாலின்னு பேராம். அன்னிக்கு அந்தப் பொண்ணை அவ்ளோ புடிச்சிருந்துச்சு, போறப்ப ஒரு பை தக்காளியும் முருங்கைக்கீரையும் கட்டிக் குடுத்தேன்.

கார்த்திகைல பையன் வந்து அதைத்தான் கட்டிக்கப் போறேன்னான். அன்னைல இருந்து வீடு வீடாவே இல்லை. நல்லா கருப்பு, சுருட்டை முடி, நாளைக்குப் பொறக்கற குழந்தை எப்படி இருக்கும், வேற நாடு வேற சாமி, ஊர்ல தலைகாட்ட முடியுமா. கோவத்துல அவளா நானான்னு கேட்டுட்டேன், உசுர விட்ருவேன்னும் சொல்லிட்டேன். பொங்கலுக்குக்கூட வரல. தெனம் போன் பண்ணி சாப்டியாம்மான்னு கேட்டுட்டு வெச்சிடறான். வீட்டுக்காரர் வாயே தொறக்க மாட்டேங்கறார். என் தம்பி பொண்ணை இவனுக்குத்தான்னு சின்னதுல இருந்தே பேசி வெச்சது, அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன். நானும் கருப்புதான், கல்யாணமான புதுசுல மாமியார் சொல்லாத சொல்லு இல்லை, அது வேற விஷயம். நான் என்ன பண்ணட்டும்?

பேர் போட வேண்டாம், பாலக்கோடு.

பதில்:

தங்கச்சி, மத்ததெல்லாம் அப்புறம். மொதல்ல பையனுக்குப் போன் போட்டு, உசுர விட்ருவேன்னு சொன்னது தப்பு, இனிமே சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க. தெனம் சாப்டியாம்மான்னு கேட்டுட்டு எதுக்கு வெச்சிடறான்னு நினைக்கறீங்க, நீங்க இருக்கீங்களான்னு பாக்கறான். அந்த பயத்துல அவன் சரின்னு தலையாட்டினாலும் அது சம்மதம் ஆகாது, நாளைக்கு உங்க தம்பி பொண்ணு கழுத்துலதான் விடியும். நிஜமாவே அப்படி நினைப்பு வந்தா தனியா உக்காந்திருக்காதீங்க, 104-க்கு அடிங்க, பேசறதுக்கு ஆள் இருக்காங்க.

இப்ப உங்க லெட்டர். கடைசில மாமியார் பத்தி எழுதிட்டு "அது வேற விஷயம்"னு போட்டிருக்கீங்க. வேற விஷயமே இல்லைங்க அது. அன்னிக்கு உங்களை எந்தக் கண்ணால பாத்தாங்களோ அதே கண்ணாலதான் நீங்க இப்ப அந்தப் பொண்ணைப் பாக்கறீங்க, அதுவும் கார்த்திகைக்கு அப்புறம்தான், ஆடில அந்தக் கருப்பு உங்க கண்ணுல படவே இல்ல. (நான் ஒண்ணும் யோக்கியம் இல்லை, என் மருமக போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துல வெச்சு கலர் பாத்தவதான்.) பேரப்புள்ள எப்படி இருக்கும்னு கேட்டிருக்கீங்க, உங்க ஜாடைலகூட இருக்கலாம், அதுல என்ன கொறைச்சல்?

நீங்க கிண்டற ராகியே ஆப்பிரிக்காவோட கிழக்கு மேட்டு நிலத்துல இருந்து பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இங்க வந்த பயிர்தான் தெரியுமா. கென்யாவுல இன்னும் ராகி மாவுல கஞ்சி காய்ச்சறாங்க. நம்ம அதையே கூழாக்கி மாரியாத்தாளுக்கு ஊத்தறோம், எந்த ஊரு, என்ன கொலம்னு யாரும் கேட்டதில்லை. சரி சரி, பயிர் வேற மருமக வேறன்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது.

ஊருக்குப் பயப்படறதை நான் சிரிச்சுத் தள்ள மாட்டேன். 2012 நவம்பர்ல சாதி மாறி நடந்த ஒரு காதல் கல்யாணத்தை வெச்சு தர்மபுரி பக்கம் நத்தம் காலனில வீடுங்க எரிஞ்சதை நம்ம மாவட்டத்து ஆளுங்ககிட்ட யாரும் வந்து சொல்லணும்னு இல்லை. ஆனா அந்த ஆத்திரம் பக்கத்துத் தெருவைப் பாத்து வர்றது. கென்யாக்காரப் பொண்ணை எந்தப் படில உக்கார வைக்கறதுன்னு ஊருக்கே தெரியாது. கொஞ்ச நாள் வேடிக்கை பாப்பாங்க, செல்பி கேப்பாங்க, அப்புறம் தக்காளி கிலோ என்ன விலைன்னு பேசப் போயிடுவாங்க. பயப்பட வேண்டியது அந்தப் பொண்ணுதான். 2016-ல பெங்களூர் பக்கத்துல எவனோ கார்ல இடிச்சதுக்கு, சம்பந்தமே இல்லாம அந்த வழியா வந்த ஒரு தான்சானியா மாணவியை இழுத்துப்போட்டு அடிச்சாங்க, கலர் ஒண்ணுதான் காரணம். அந்த ஊர்ல இருந்துகிட்டு உங்க வீட்டு அடுப்படில வந்து தைரியமா உக்காந்துச்சே, அதை நெனச்சுப் பாருங்க.

அவங்க அப்பாம்மா நம்மளப் பத்தி என்ன நினைக்கறாங்கன்னு யாராச்சும் கேட்டீங்களா? இந்தியாவுக்குப் படிக்க அனுப்புன பொண்ணு அங்கயே தங்கறேன்னு சொன்னா அவங்களும்தான் அழுவாங்க. அங்க பல சமூகத்துல மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க போய் உக்காந்து பேசி ஆடு, மாடு, பணம்னு பொண்ணு வீட்டுக்குக் குடுக்கணும், நம்ம பக்கத்துல அந்தக் காலத்துல பரிசம் குடுத்த மாதிரி. சீர் எதுனா எதிர்பாத்திருந்தா இப்பவே மறந்துடுங்க.

எனக்கென்னமோ உங்களுக்கு நிஜமா உறுத்தறது கலரும் இல்லை, சாமியும் இல்லை, தம்பிக்குக் குடுத்த வாக்குதான். அது நியாயமான சங்கடம். ஆனா பேசி வெச்சப்ப ரெண்டு பிள்ளைங்களையும் கேக்கல இல்லையா. நீங்களே நேர்ல போங்க, வேற வாய் மூலமா அவன் காதுக்குப் போறதுக்குள்ள. "என் பையனுக்கு மனசு வேற இடத்துல, உன் பொண்ணைக் காக்க வைக்காதே, நல்ல இடம் பாரு, நானும் பாக்கறேன்"னு சொல்லுங்க. கத்துவான். கத்தட்டும், காபி குடுக்காம அனுப்பினாலும் வந்துடுங்க.

சட்டம் எப்படின்னா, ஆணுக்கு 21, பொண்ணுக்கு 18 ஆயிட்டா பெத்தவங்க கையெழுத்து எங்கயும் தேவையில்லை. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல யாரும் மதம் மாறாம கட்டிக்கலாம். ரெண்டு பேர்ல ஒருத்தராவது 30 நாள் குடியிருந்த மாவட்டத்துல நோட்டீஸ் குடுக்கணும், அதை ஆபீஸ்ல ஒட்டி 30 நாள் வைப்பாங்க, ஏற்கனவே கல்யாணம் ஆனவங்களா, வயசு பத்தலையா, இந்த மாதிரி காரணத்துக்குத்தான் ஆட்சேபணை எடுபடும், எனக்குப் புடிக்கலைங்கறது எடுபடாது. அந்தப் பொண்ணு இன்னும் கல்யாணம் ஆகாதவங்கறதுக்கு டெல்லில இருக்கற கென்யா தூதரகம் பக்கம் சர்ட்டிபிகேட் வாங்க வேண்டியிருக்கும். படிப்பு முடிஞ்சா மாணவர் விசாவும் முடியும், கல்யாணம் பதிவாகி ரெண்டு வருஷம் ஆனாத்தான் விசா இல்லாம இங்க தங்கறதுக்கான ஓசிஐ கார்டுக்கே விண்ணப்பிக்க முடியும், அதுவரைக்கும் எந்த விசா, எங்க குடியிருப்பீங்க, ரெண்டு பேர்ல யார் சம்பாத்தியம், அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னா டிக்கெட் காசுக்கு என்ன வழி, இதையெல்லாம் பையன்கிட்ட கேளுங்க. முடி சுருட்டையா நீட்டமான்னு அழுததுல ரெண்டு மாசம் போச்சு, அம்மா கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுகூட நீங்க கேக்கல.

ரெண்டு பேரையும் ஒரு ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. இப்பவே சரின்னு சொல்லணும்னு இல்லை. கீரைக் குழம்பை மட்டும் நீங்க வெச்சிடுங்க, துடுப்பை அது கையில குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து கேளுங்க.