குளிருக்குத் தப்பிக் கடலோரம் குடிபோகலாமா? வாசகர் கேள்விகள்

கடுங்குளிர் ஊரை விட்டுக் கதகதப்பான கடலோர ஊருக்கு மாற நினைக்கும் வாசகர்கள் கேட்டவற்றில் சில இந்த இதழில்.

கேள்வி: ஆண்டுச் சராசரி வெப்பநிலை 25 டிகிரி உள்ள ஒரு கடலோர ஊரைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். உறைபனியில் கிடந்த எங்களுக்கு இது ஒத்துவரும் அல்லவா?

ஆண்டுச் சராசரியை வைத்து ஊரை முடிவு செய்யாதீர்கள். 40 டிகிரியும் 10 டிகிரியும் சேர்ந்தால்கூட 25 வரும். நீங்கள் பார்க்க வேண்டியது மாதவாரி விவரம். 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுச் சராசரிகள் பெரும்பாலான ஊர்களுக்குக் கிடைக்கும். அதில் மிக மோசமான மாதத்தை எடுத்து, இரவு வெப்பநிலையையும் டியூ பாயின்ட்டையும் பாருங்கள்.

டியூ பாயின்ட் என்பது காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. வானிலைச் செயலியில் ஈரப்பதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. 16 டிகிரிக்குக் கீழே என்றால் உடம்புக்குச் சுகம். 21-ஐத் தாண்டினால் கசகசப்பு. 24-க்கு மேல் போனால் வியர்வை சரியாக உலராது. வெயில் 32 டிகிரி அடிக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் டியூ பாயின்ட் 16. அப்போது ஈரப்பதம் 38 சதவீதம் அளவில் இருக்கும், நிழலில் ஒதுங்கினால் போதும். இன்னொன்றில் 26, ஈரப்பதம் 70 சதவீதம். அங்கே நிழலில் நின்றாலும் புழுக்கம் விடாது.

கடலோரம் என்றாலே கதகதப்பு என்பதும் கிடையாது. பெருவின் கரையும் நமீபியாவின் வடகரையும் வெப்பமண்டலத்துக்குள் இருந்தும், ஒட்டி ஓடும் குளிர்ந்த நீரோட்டத்தால் மூடுபனியும் சில்லென்ற காற்றுமாக இருக்கும். ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் தெற்குக் கரையில் மழையே குளிர்காலத்தில்தான் பெய்கிறது. வெளியே பகலில் இதமாக இருக்கும். ஆனால் அங்குள்ள பழைய வீடுகள் பலவும் கோடையை மனதில் வைத்துக் கட்டியவை: கல் தரை, வெப்பக் காப்பில்லாத சுவர், அறைகளைச் சூடாக்க நிலையான ஏற்பாடு இல்லை. குளிர் நாட்டு வீட்டுக்குள் 20 டிகிரியில் இருந்து பழகியவர்கள் இங்கே வந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். வீடு பார்க்கும்போது சுவர் ஓதமடித்திருக்கிறதா, ஜன்னல்கள் இறுக்கமாக மூடுகின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்குக் கடற்கரைக் காற்று நல்லது என்கிறார்களே?

வலி அடியோடு போய்விடும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம். வானிலைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2019-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு, ஈரப்பதம் கூடும்போதும் காற்றழுத்தம் குறையும்போதும் காற்று பலமாக வீசும்போதும் வலி ஓரளவு கூடுவதாகச் சொன்னது. இதில் ஈரமும் காற்றும் கடற்கரைக்கே உரியவை!

குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் ரேனாட்ஸ் தொந்தரவு உள்ளவர்களுக்கு இடமாற்றம் கண்கூடாக உதவும். குளிர்ந்த, வறண்ட காற்றை மூச்சிழுத்தால் இரைப்பு வருபவர்களுக்கும் அப்படியே. ஆனால் அதே ஆஸ்துமா தூசிப் பூச்சியால் வருவதென்றால் கதை வேறு. ஈரமான வீட்டில் மெத்தையிலும் தலையணையிலும் அந்தப் பூச்சி பெருகும். வீட்டுக்குள் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குள் வைத்தால்தான் கட்டுப்படும். கடலோரத்தில் ஏசியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ இல்லாமல் அது நடக்காது. எதனால் இரைப்பு வருகிறது என்று பரிசோதித்துத் தெரிந்துகொண்ட பிறகு ஊரை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். போன புதிதில் எதைக் கவனிக்க வேண்டும்?

வெப்பத்தில் ரத்தக் குழாய்கள் விரிவதால் அழுத்தம் இயல்பாகவே இறங்கும். குளிர் ஊரில் சரியாக இருந்த அதே அளவு மாத்திரை இங்கே அதிகமாகிவிடலாம். குறிப்பாக, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வியர்வையோடு சேர்ந்து நீரிழப்பு இரட்டிப்பாகும். மனநிலைக் கோளாறுக்கு லித்தியம் எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். சில ஒவ்வாமை மருந்துகளும் மனநல மருந்துகளும் வியர்வையையே குறைத்துவிடும். ஆகவே கிளம்பும் முன்பே மருந்துப் பட்டியலோடு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது.

போன பிறகு முதல் சில வாரம் உட்கார்ந்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்று 1 நிமிடம், 3 நிமிடம் கழித்தும் அழுத்தத்தை அளந்து குறித்து வையுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் விழுந்தாலோ எழும்போது கண் இருட்டினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வயதானவர்களுக்குக் கூடுதலாகவும் ஆகலாம். பழகிய பின் வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும், இதயத் துடிப்பு நிதானப்படும். ஆனால் நாள் முழுக்க ஏசி அறையிலேயே இருந்தால் இந்தப் பழக்கம் வராது. காலையிலோ மாலையிலோ கொஞ்ச நேரம் நடக்கத் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள்: திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பயன்பாட்டில் உள்ளதைக் குளிர் ஊரில் மேசைமேல் வைத்திருந்திருப்பீர்கள். இங்கே அறை வெப்பமே 30 டிகிரியைத் தாண்டிவிடும், அதனால் அப்படி வெளியே வைக்க முடியாது.

கேள்வி: கடலைப் பார்த்த மாதிரி வீடு கிடைக்கிறது. வாங்கலாமா? எவ்வளவு தள்ளி இருப்பது நல்லது?

கடல் தெரியாத வீடுதான் எங்கள் யோசனை. அலை உடையும் இடத்தில் கிளம்பும் உப்புத் திவலையில் பெரும்பகுதி முதல் சில நூறு மீட்டருக்குள் படிந்துவிடும். இடையில் மரங்களோ இரண்டு வரிசைக் கட்டடங்களோ இருந்தால் இன்னும் குறையும். பொட்டல்வெளியாக இருந்து காற்றும் பலமென்றால் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வரும்.

உப்பு செய்யும் வேலையை ஜன்னல் கம்பியில் பார்க்கலாம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும், கம்பியில் படிந்த உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். மழையே இல்லாமல் கம்பி இரவெல்லாம் நனைந்து நிற்கும். அதனால் மழையில் நனையும் வெளிக் கம்பியைவிட, சன்ஷேடுக்கு அடியில் பத்திரமாக இருப்பது போலத் தெரியும் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. அதன்மேல் படிந்த உப்பைக் கழுவ மழை வருவதில்லை. மாதம் ஒரு முறையாவது நல்ல தண்ணீரால் இந்த மறைவிடங்களைக் கழுவுங்கள். ஏசியின் அவுட்டோர் யூனிட், காரின் அடிப்பாகம் இரண்டுக்கும் இதே வைத்தியம்தான். அவுட்டோர் யூனிட்டைக் கடற்காற்று நேராக மோதாத பக்கம் மாட்டச் சொல்லுங்கள். வாங்கும்போதே தகடுகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்று கேளுங்கள். அலுமினியத் தகடும் செம்புக் குழாயும் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் அரித்து உதிரும்.

எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். சாதாரணமாகக் கிடைக்கும் 304 ரகத்தில் சில மாதங்களிலேயே பழுப்புக் கறை படியும். கைப்பிடி, கீல், வெளித் திருகாணி எல்லாம் 316 ரகமாக இருக்கட்டும். உப்பு அரிப்பைத் தாங்க உதவும் மாலிப்டினம் என்ற உலோகம் அதில் 2 முதல் 3 சதவீதம் உண்டு.

இவையெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவை. கான்கிரீட்டை மாற்ற முடியாது. உப்பு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டால் துரு உண்டாகும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த நெருக்கலில்தான் காரை வெடித்துப் பெயர்கிறது. வீடு பார்க்கப் போகும்போது சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்துப் போங்கள். பால்கனியின் அடிப்பக்கம், சன்ஷேடின் அடி, மாடிப்படியின் கீழ்ப்பக்கம், தூண்களின் அடிப்பகுதி, மேல்நிலைத் தொட்டியின் தாங்குதளம் ஆகிய இடங்களில் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசல், அதிலிருந்து பழுப்பாக வழிந்த கறை, இரண்டும் சேர்ந்து தெரிந்தால் பொறியாளரைக் கூட்டி வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பால்கனியின் அடியில் மட்டும் புதுப் பூச்சு பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: புயல், கடல் ஏற்றம் பற்றி வீட்டுத் தரகரிடம் கேட்டால் சிரிக்கிறார்.

சிரிக்கட்டும். கடலிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி என்பதைவிட, கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதே இங்கே முக்கியம். முகத்துவாரமோ காயலோ பக்கத்தில் இருந்தால் புயல் தள்ளும் நீர் அந்த வழியாகப் பின்பக்கம் வந்து சேரும். ஊரை விட்டு வெளியேற எத்தனை சாலைகள் உண்டு என்று பாருங்கள். ஒரே பாலம் என்றால் யோசியுங்கள். காப்பீட்டில் வெள்ளச் சேதத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கலாம். சேர்த்த நாளிலிருந்தே அது நடைமுறைக்கு வரும் என்றும் இல்லை. காப்பீட்டுப் பத்திரத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: வீட்டில் போர்வெல் இருக்கிறது, தண்ணீர் இனிக்கிறது என்கிறார்கள்.

மழைக்குப் பிறகு கடலோரக் கிணறுகள் பலவும் இனிக்கும். கோடையின் கடைசியில், மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட விட்ட பிறகு எடுத்த தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் ருசி நன்றாயிருக்கும். 1000-ஐத் தாண்டினால் வாய்க்கு ஆகாது. குளோரைடு 250 மில்லிகிராமைத் தாண்டினால் கரிப்பு தட்டும்.

கடலோர நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் நிற்கும். மேலே 1 மீட்டர் இறைத்து இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறும். கரிக்கிறதே என்று போர்வெல்லை இன்னும் ஆழமாக்குவது உப்புநீரைத் தேடிப் போவதாகிவிடும். பக்கத்து வீடுகளில் எத்தனை அடியில், எவ்வளவு நேரம் இறைக்கிறார்கள் என்பதும் உங்கள் தண்ணீரைத் தீர்மானிக்கும்.

கேள்வி: மரச் சாமான்கள், கேமரா, கம்பளி உடைகள் இவற்றைக் கொண்டுபோகலாமா?

குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும் வீட்டில் மரத்தின் ஈரம் 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். கடலோரத்தில் அது 12-க்கு மேல் ஏறும். மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது; அகலவாக்கில் உப்பும். இழுப்பறை இறுகிக்கொள்ளும், மேசைப் பலகை வளையும், அசையவிடாமல் திருகி இறுக்கியிருந்தால் பிளக்கவும் செய்யும். முதல் மழைக்காலத்தில் கதவு உரசுகிறது என்று உடனே இழைத்துவிடாதீர்கள். ஓர் ஆண்டு போகட்டும், இல்லையென்றால் வறண்ட காலத்தில் இடைவெளி தெரியும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைச் சாமான்களை அங்கேயே விற்றுவிட்டுப் போங்கள். உப்பிய பலகை திரும்பப் பழைய நிலைக்கு வராது.

கேமரா லென்ஸ் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில், மூடிய பெட்டியில் வையுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் 120 டிகிரியில் சில மணி நேரம் சூடாக்கினால் மறுபடி பயன்படும். தோல் உறையில் மட்டும் வைக்காதீர்கள். பூஞ்சணம் தோலில் தொடங்கி லென்ஸுக்குப் போகும்.

கம்பளியில் இரண்டு உடுப்பு போதும். துவைத்து, நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாமல் கட்டுங்கள். வியர்வை பட்ட கம்பளியைத்தான் அந்துப்பூச்சி முதலில் தேடும்.

கேள்வி: பழைய வீட்டை விற்காமல், குளிர்காலம் மட்டும் கடலோரத்தில் இருக்கலாம் என்று நினைக்கிறோம். பூட்டிய வீட்டைக் குளிரில் எப்படி விட்டுப் போவது?

நல்ல யோசனைதான், குழாய்களைக் கவனித்தால். நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். குழாய் வெடிப்பது அப்போது தெரியாது, பனி இளகியதும் தெரியும். அதற்குள் நீங்கள் கடற்கரையில் இருப்பீர்கள்.

முதலில் வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்துங்கள். தொட்டி காலியான பின் சூடேறினால் ஹீட்டர் போய்விடும். அடுத்து பிரதான வால்வை மூடி, மேல்மாடியில் தொடங்கிக் கீழே வரை சூடு, குளிர் இரண்டு குழாய்களையும் திறந்து விடுங்கள். ஹீட்டரின் அடி வால்வைத் திறந்து வடியவிடுங்கள். கழிப்பறைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின் குழாய்களைக் கழற்றிவிடுங்கள். கைகழுவும், பாத்திரம் கழுவும் தொட்டிகளுக்கு அடியிலுள்ள வளைகுழாய்களில் தண்ணீர் நிற்கும். அதை வடித்துவிட்டால் சாக்கடை வாயு வீட்டுக்குள் வரும். ஆகவே அங்கே புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த குழாய்க்கான உறைவுத் தடுப்பு நீரை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் வேண்டாம், அது விஷம்.

ஃப்ரிட்ஜைக் காலி செய்து கதவைச் சற்றே திறந்து வையுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எத்தனை நாள் வரை காப்பீடு செல்லும், இடையில் யாராவது வந்து பார்க்க வேண்டுமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.