ஜாக்கெட் கொக்கியை யார் மாட்டுகிறார்கள்?

கேள்வி: வயது 54. முப்பது வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். இரண்டு வருடமாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகின்றன. ராத்திரி எழுந்து கையை உதறினால்தான் தூக்கம். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, கார்ப்பல் டனல் என்றார்கள். மணிக்கட்டை அசையாமல் வைக்கும் ஸ்ப்ளின்ட், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு டாக்டர் உள்ளங்கையைத் திறந்து ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் சின்னத் துளை போட்டு கேமரா வழியாகச் செய்யலாம், செலவு கூட என்கிறார். எது நல்லது? மகன் வீட்டு லோன் கட்டுகிறான், அவனிடம் சொல்லவில்லை. என் ஜாக்கெட் கொக்கியை இப்போது எட்டு வயதுப் பேத்திதான் மாட்டிவிடுகிறாள். அப்பாவிடம் சொல்லாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.
- வாசகி, ஈரோடு

பதில்: ஊருக்கெல்லாம் கொக்கி வைத்துத் தைத்த கை, தன் கொக்கியை மாட்ட முடியாமல் நிற்கிறது. அதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மேடாக இருக்கும் சதை வலது கையில் வற்றியிருக்கிறதா? மரத்துப்போவது நரம்பு நசுங்குவதன் ஆரம்பம். கொக்கி பிடிக்க முடியாமல் போவது, அந்த நரம்பை நம்பியிருக்கும் தசையும் பலம் இழப்பதன் அடையாளமாக இருக்கலாம். சதை ரொம்ப நாள் வற்றிக் கிடந்தால், ஆபரேஷனுக்குப் பிறகும் முழுசாகத் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டு ஆபரேஷனிலும் வெட்டுவது ஒன்றைத்தான்: மணிக்கட்டில் நரம்பை அழுத்தும் அந்தக் கெட்டியான நார்ப்பட்டையை. திறந்து செய்தால் டாக்டர் நரம்பை நேராகப் பார்க்கிறார். உள்ளங்கையில் சில சென்டிமீட்டர் தழும்பு. கேமராவில் தழும்பு சின்னது, வேலைக்குச் சுமார் ஒரு வாரம் முன்னால் திரும்பலாம். நரம்பு தற்காலிகமாகச் சீண்டப்படும் வாய்ப்பு மட்டும் சற்றுக் கூடுதல். சில மாதம் கழித்துப் பார்த்தால் குணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. எதுவானாலும் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். உள்ளங்கை அடிப்பகுதியில் வலி சில வாரம் இருக்கும், கத்தரிக்கோல் பிடிக்கும் பலம் வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். இதையே நிறையச் செய்த கை யாருடையது என்று கேட்டு அவரிடம் போங்கள். செலவு குறைந்த திறந்த ஆபரேஷன் உங்களுக்குத் தாராளமாகப் போதும். அதற்கு முன் சர்க்கரையும் தைராய்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நரம்பு டெஸ்ட் எடுக்கவில்லை என்றால் அதையும்.

ஆனால் மகனிடம் மறைத்து இதைச் செய்ய முடியாது. தையல் பிரிக்கிறவரை பத்துப் பதினாலு நாள் குக்கர் யார் தூக்குவது, துணி யார் பிழிவது? அதையும் அந்தக் குழந்தையா?

பெற்றவளைக் கவனிப்பது பிள்ளையின் கடமை. லோனைக் காட்டி அந்தக் கடமையிலிருந்து அவனை விலக்கி வைக்கிறீர்கள். அதைத் தியாகம் என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். விஷயம் பிறகு தெரியவரும்போது, "என் மகளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே" என்று அவன் கூனிக் குறுகுவானே, அதை யோசித்தீர்களா? பெற்ற அப்பாவிடம் மறைக்க ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். இதுதான் எனக்குப் பெரிய தப்பாகப் படுகிறது.

இன்று ராத்திரி மகனும் மருமகளும் சாப்பிட உட்காரும்போது கையை நீட்டிக் காட்டிச் சொல்லுங்கள். பேத்தியும் பக்கத்தில் இருக்கட்டும்.